மையக்கருத்தும் எத்தனையாம் வரியும்

தமிழ் படிப்பிக்கிறவருக்கு வருகிற தலையிடி கணக்குப் படிப்பிக்கிறவருக்கு வராது. கணக்குக்கு விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பிள்ளை சொன்னது சரியா பிழையா என்று புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். "இக்கதையின் மையக்கருத்து யாது? பாடத்திலிருந்து ஆதாரம் காட்டி விளக்குக" என்று ஒரு வினாவை எழுதிப்போட்டுவிட்டு வகுப்பின் முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது விளங்கும். அப்படி நின்று நா வறண்ட எல்லோரும் எனக்கு உறவுக்காரர். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு முதல் நியமனம் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு குடியேற்றத் திட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது. பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, வாய்க்கால் கரையோடு கால் கடுக்க நடக்க வேண்டும். பள்ளிக்கூடம் என்றால் கிடுகுக் கூரையும் அரைச் சுவரும்தான். மீதிச் சுவர் இருக்கவேண்டிய இடத்தால் குரங்குகள் எட்டிப் பார்க்கும். பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் அநேகமாக யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்து, காடு வெட்டி வயலாக்கினவர்கள். வேலையிலும் கெட்டிக்காரர், வாயிலும் கெட்டிக்காரர். நானும் வாயில் சளைத்தவள் இல்லை.

எனக்குக் கிடைத்தது அரசாங்கச் சோதினைக்குப் போகிற எஸ்.எஸ்.சி. வகுப்பு. இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து இதுவரை ஒருவரும் தமிழில் வெறும் பாஸுக்கு மேலே திறமைச் சித்தி எடுத்ததில்லை என்று தலைமை ஆசிரியர் முதல் நாளே சொன்னார். இந்த முறை எடுப்பார்கள் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

பார்க்காமல் கொடுத்த வாக்கு

வந்த முதல் கிழமையே சின்னத்தம்பி என்பவர் தோளில் மண்வெட்டியோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். அவருடைய மூத்த மகள் யோகராணி என் வகுப்பில் இருந்தாள். வயலில் ஆள் போதவில்லையாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் நிறையவாம். "இவள் சோதினை பாஸ் பண்ணுவாள் எண்டா இருக்கட்டும். இல்லாட்டி இப்பவே சொல்லுங்கோ, மறிச்சுப்போட்டு வயலுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். அவருக்குப் பின்னால் யோகராணி நின்றாள். கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை.

அந்தக் கண்ணைப் பார்த்தபிறகு யோசிக்க என்ன இருக்கிறது? "பாஸ் பண்ணுவாள். அதற்கு நான் பொறுப்பு" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அவளுடைய கையெழுத்தைக்கூட நான் அதுவரை கண்டதில்லை. சின்னத்தம்பி மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "பிள்ளையின்ரை கொப்பியை ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லியிருக்கலாம், ரீச்சர்."

ரயிலின் நீதி

கொப்பிகளைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். முன்பு இருந்த ஆசிரியர் ஐந்து நீதி வாக்கியங்களைக் கொடுத்து, எந்தக் கதை வந்தாலும் இவற்றில் ஒன்றுதான் மையக்கருத்து என்று பழக்கிவிட்டுப் போயிருந்தார். பொறுமை கடலினும் பெரிது, பேராசை பெருநட்டம், ஒற்றுமையே பலம் என்று அந்த வரிசை போகும். பிள்ளைகள் கதையை வாசிப்பதில்லை. ஐந்தில் எதைப் போடலாம் என்று மட்டும் பார்ப்பார்கள்.

இந்த நோயை முறிக்க நான் ஒரு தந்திரம் செய்தேன். நீதியே இல்லாத ஒரு பந்தியாகத் தேடி எடுத்தேன். விடியற்காலையில் ஒரு சின்ன ரயில் நிலையம், பனி, ரயில் வருகிறது, ஒருவரும் இறங்கவில்லை, ரயில் போகிறது. அவ்வளவுதான். இதில் எந்த நீதியைப் போடுவார்கள் பார்ப்போம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு கொடுத்தேன். சந்தியில் கடை வைத்திருப்பவரின் மகன் சலீம் முதலில் கையை உயர்த்தி, "ஒற்றுமையே பலம்" என்றான். எங்கேயடா அதற்கு ஆதாரம் என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை: "பெட்டியெல்லாம் ஒண்டோடை ஒண்டு கொழுவித்தானே ரீச்சர் ஓடுது."

சாட்சி வந்தார்

சலீமின் பதில் பிழையாக இருந்தாலும் அவன் ஏதோ ஒரு ஆதாரத்தைத் தேடியிருக்கிறான் என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அன்றே வகுப்பில் அறிவித்தேன்: "இனிமேல் ஆதாரம் இல்லாமல் ஒருவரும் மையக்கருத்துச் சொல்லக்கூடாது. நாளைக்கு எல்லோரும் ஆதாரத்தோடு வரவேண்டும்." பாடம், அளவுக்கு மிஞ்சி ஆசைப்பட்டுக் கெட்ட ஒரு வியாபாரியின் கதை.

மறுநாள் காலை கடைசி வரிசை வாங்கில் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். யாரோ பிள்ளையின் பள்ளிக்கூட விஷயமாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். குணரத்தினம் என்ற பெடியன் எழும்பி, "இவர் என்ரை பெரியப்பா, ரீச்சர். ஆதாரம் கொண்டு வரச் சொன்னனீங்கள்" என்றான். சிரிக்கவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை. அந்த ஊரில் காணிக்குப் போட்டி என்றாலும், வேலி எல்லை என்றாலும், வயலுக்குள் மாடு விழுந்தது என்றாலும் விசாரணை வைப்பார்கள். விசாரணைக்கு ஆதாரம் என்றால், கண்டேன் என்று சொல்ல ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போவதுதான். பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து கண்ட முறை அது. குணரத்தினத்தின் பெரியப்பா தன் காணி போதாதென்று காட்டோரத்தில் இன்னும் இரண்டு துண்டு வெட்டி விதைத்து, காவலுக்கு ஆளில்லாமல் அதையும் இதையும் சேர்த்து யானைக்குக் கொடுத்தவர். பேராசை பெருநட்டம் என்பதற்கு ஊரில் அவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

அவர் நடந்ததை வரிசையாகச் சொன்னார். யானை எந்தப் பக்கத்தால் வந்தது, எந்த மூலையில் முதல் மிதித்தது என்று ஒன்றும் விடவில்லை. பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். என் பாடத்தை அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. முடிந்ததும் நான் மரியாதையாக விளங்கப்படுத்தினேன். ஐயா, உங்கள் கதை உண்மை, ஆனால் இந்தக் கேள்விக்கு ஆதாரம் புத்தகத்துக்குள்ளே இருக்கவேண்டும், அந்த வியாபாரி என்ன செய்தான், என்ன சொன்னான் என்று வரியைக் காட்டவேண்டும் என்றேன். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்: "அப்ப புத்தகத்திலை இருக்கிறவன் சொன்னா நம்புவியள், முன்னாலை இருக்கிறவன் சொன்னா நம்பமாட்டியள், அப்பிடித்தானே ரீச்சர்?"

ஒன்றும் ஒளிக்கவில்லை

அதற்குப் பிறகு கரும்பலகையின் மேல் மூலையில் அழிக்கக்கூடாதென்று மூன்று கேள்விகளை எழுதிவைத்தேன். யார் சொன்னது? என்ன சொன்னது? எத்தனையாம் வரி? ஆதாரம் என்றால் இந்த மூன்றும்தான், ஆளைக் கூட்டிக்கொண்டு வரத் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

அடுத்த முறை சலீம் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தான். பெருமையோடு வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தில் எங்கேயோ வாசித்த மாதிரி இருந்தது. மூன்றாம் பக்கத்தில் சந்தேகமே இல்லை. பாடத்தைத் தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளி வரை அப்படியே பார்த்து எழுதியிருந்தான். மகனே, அரிசி கேட்டவருக்கு உன் வாப்பா கடையையே தூக்கிக் கொடுப்பாரா என்று கேட்டேன். அவன் முகம் கோணவில்லை: "உங்களுக்கு எது வேணுமோ அதை எடுங்கோ ரீச்சர், நான் ஒண்டும் ஒளிக்கேல்லை."

வரம்பை வெட்டினவன்

யோகராணியைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட்டேன். அவளும் அந்த ஐந்து வாக்கியங்களில்தான் தொடங்கினாள். ஆனால் மெல்ல மெல்ல அவளுடைய கொப்பியில் கேள்விகள் வரத் தொடங்கின. விதைப்புக் காலத்தில் பாதி வகுப்பு வராது. அவளும் வரமாட்டாள். வரும்போது விட்ட பாடமெல்லாம் வாசித்து முடித்திருப்பாள். தகப்பன் ஒவ்வொரு பள்ளிக்கூடத் தவணை முடிவிலும் வந்து, "இன்னும் பாஸ் பண்ணுவாளோ?" என்று கேட்பார். நான் ஓம் என்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

ஒருநாள் இரண்டு சகோதரர்களின் கதை. தம்பியின் தண்ணீர்முறை நாளில் அண்ணன் வரம்பை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் எடுத்துவிடுகிறான். தம்பி கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த போகத்தில் அண்ணன் காய்ச்சலில் படுக்கிறான். தம்பி போய் அண்ணனுடைய வயலுக்கும் தண்ணீர் கட்டிவிடுகிறான். அண்ணன் அழுகிறான். மையக்கருத்து சகோதர பாசம் என்று நான் குறிப்பில் எழுதிவைத்திருந்தேன். வகுப்பும் அதையே சொன்னது. யோகராணி எழும்பி, "பாசமில்லை ரீச்சர், கோபம்" என்றாள். எங்கள் ஊரில் தண்ணீரைக் களவெடுத்தவனுக்கு ஒருவரும் பாசத்தில் தண்ணீர் கட்டிவிட மாட்டார்கள் என்றாள். வகுப்பில் பாதி ஓம் ஓம் என்றது.

ஊர் வழக்கம் இருக்கட்டும், வரியைக் காட்டு என்றேன். அவள் புத்தகத்தைத் தூக்கி வாசித்தாள்: "தம்பி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மண்வெட்டியை மட்டும் ஓங்கி ஓங்கிக் கொத்தினான்." நான் அந்த வரியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அது அங்கே எதற்காக இருக்கிறதென்று அன்றைக்குத்தான் கண்டேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பிள்ளை நிச்சயம் பாஸ் பண்ணுவாள் என்று இனி வாய்க்கு வந்தபடி சொல்லத் தேவையில்லை, நம்பியே சொல்லலாம். அப்படியானால் அண்ணன் ஏன் அழுதான் என்று மட்டும் கேட்டேன். யோகராணி புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்: "தம்பி அடிச்சிருந்தா அழுதிருக்கமாட்டார், ரீச்சர்."

வித்தியாதரிசிக்கு ஒரு கேள்வி

பாடசாலைகளைப் பரிசோதிக்க வரும் வித்தியாதரிசி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். தலைமை ஆசிரியருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்தவர் என் வகுப்புக்குள் நுழைந்து, புத்தகத்தை விரித்து, கடல் கொந்தளிக்கும்போது கரையிலிருந்து கிழிந்த வலையைப் பொத்துகிற ஒருவனைப் பற்றிய பந்தியை வாசிக்கச் சொன்னார். மையக்கருத்து என்ன என்று குணரத்தினத்தைக் கேட்டார். "காத்திருத்தல், ஐயா. ஆறாம் வரி. கடலைப் பார்த்தான், வலையைப் பார்த்தான், திரும்பவும் ஊசியை எடுத்தான்" என்று பெடியன் நறுக்கென்று சொன்னான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வித்தியாதரிசி புன்சிரிப்போடு, "நல்லது. ஆனால் இதன் மையக்கருத்து கடவுள் நம்பிக்கை" என்றார். குணரத்தினம் மிகுந்த மரியாதையோடு கையைக் கட்டிக்கொண்டு, "எத்தினையாம் வரி, ஐயா?" என்றான். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தேடினார். நேரடியாகச் சொல்லப்படவில்லை, உய்த்துணர வேண்டும் என்றார். "ஓம் ஐயா. எந்த வரியிலை இருந்து?" என்றான் பெடியன். மேலே கூரையில் குரங்கு நடக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. வித்தியாதரிசி இன்னொரு முறை பந்தியை முழுவதும் வாசித்தார், பிறகு சிரித்தார், "காத்திருத்தல் என்றே வைத்துக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். நல்ல மனிதர். அவருடைய கார் கண்ணுக்கு மறையும்வரை நின்ற தலைமை ஆசிரியர் என் பக்கம் திரும்பினார்: "ஆதாரம் கேக்கிறது நல்ல பழக்கம், ரீச்சர். ஆனா இடமாற்றம் தரக்கூடிய ஆக்களிட்டை கேக்கிறேல்லை எண்டு ஒரு வரியை அந்தப் பலகையிலை சேத்து எழுதுங்கோ."

ஊர் சொன்னது

சோதினைக்கு ஒரு மாதம் இருக்கும்போது யோகராணி வரவில்லை. மறுநாளும் இல்லை. தகப்பன் மறித்துப்போட்டாராம் என்று குணரத்தினம் சொன்னான். பள்ளிக்கூடம் விட்ட கையோடு வாய்க்கால் கரையால் நடந்தேன். எனக்குக் கோபம் வந்தால் நடையும் வேகம், நாக்கும் வேகம். சின்னத்தம்பிக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். உள்ளுக்குள் பயமும் இருந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்த பிள்ளையை வாசற்படியில் விட்டுவிடுவேனோ என்ற பயம்.

சின்னத்தம்பி முற்றத்தில் வேலியடைக்க முள்ளுக் கொப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கதிரை போடுவித்து, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். நான் வாயைத் திறக்கமுன்னமே அவர் தொடங்கிவிட்டார். "கோவியாதேங்கோ ரீச்சர். நான் வாக்கு மாறுற ஆள் இல்லை. ஆனா பெடியளோடை ஒரு வகுப்பிலை பெரிய பொம்பிளைப் பிள்ளை இருக்கிறது சரியில்லை எண்டு ஊரெல்லாம் கதை. ஊரோடை ஒத்து வாழ வேண்டிக் கிடக்கு."

குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்ற யோகராணி தகப்பனைக் கேட்டாள், "ஆர் ஐயா சொன்னது?"

"எல்லாரும்தான்."

"ஒரு ஆளின்ரை பேர் சொல்லுங்கோ."

அவர் யோசித்தார். "உன்ரை மாமா."

"மாமா என்ன சொன்னவர்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

"பிள்ளை இன்னும் படிக்கிறாளோ எண்டு கேட்டவர்."

"அது கேள்விதானே ஐயா. சரியில்லை எண்டு அதிலை எங்கை இருக்கு?"

சின்னத்தம்பி ஒரு கொப்பை எடுத்தார், வைத்தார். இன்னொருவருடைய பேரைச் சொன்னார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, ஒன்றும் சொல்லவில்லை, ஒரு மாதிரிப் பார்த்தார் என்றார். அப்போது குசினிக்குள் இருந்து தாயின் குரல் வந்தது. "சலீமின்ரை வாப்பா சொன்னதையும் சொல்லுங்கோவன். உங்கடை பிள்ளை சோதினை எழுதினா அவளைப் பாத்து என்ரை மோனும் எழுதுவான் எண்டு கடையிலை வைச்சுச் சொன்னவர் எண்டு நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள்."

சின்னத்தம்பி என்னைப் பார்க்காமல் கொப்புகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஊர் ஒண்டும் சொல்லேல்லை, ரீச்சர். நான்தான் பயப்பிடுறன். சோதினைக்குப் பஸ்ஸிலை போவாள். பாஸ் பண்ணினா இன்னும் தூரத்துக்குப் போகோணும் எண்டுவாள். எங்கடை சனத்திலை ஒரு பொம்பிளைப் பிள்ளையும் அப்பிடிப் போனதில்லை. எனக்குப் பயமாக்கிடக்கு." பிறகு மகளைப் பார்த்தார். "பயத்துக்கும் ஆதாரம் கேப்பியோ, பிள்ளை?"

யோகராணி தேத்தண்ணியைக் கொண்டுவந்து தகப்பனின் கையில் கொடுத்தாள். "பயப்பிடுறதுக்கு வேண்டாம், ஐயா. மறிக்கிறதுக்கு வேணும்."

நான் வழி நெடுகச் சேர்த்துக்கொண்டு வந்த பேச்சில் ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். அடுத்த நாள் யோகராணி வகுப்பில் இருந்தாள். சோதினையன்று பரந்தன் சந்தியில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டவர் சின்னத்தம்பிதான். பஸ் போனபிறகும் வெகுநேரம் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

சோதினை மறுமொழி வந்தபோது யோகராணிக்குத் தமிழில் திறமைச் சித்தி. சலீமும் பாஸ். தலைமை ஆசிரியர் கடதாசியை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். அன்று பின்னேரம் சின்னத்தம்பி ஒரு வாழைக்குலையோடு வந்து, அதை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "இனி ரீச்சராகிறதுக்கு ஆசிரிய கலாசாலைக்குப் போகப்போறாளாம். வேண்டாமெண்டு சொல்ல என்னட்டை ஒரு ஆதாரமும் இல்லை, ரீச்சர். உங்களிட்டை ஏதும் இருந்தா ஒண்டு தாங்கோ."

என்னைப் போல் வதைபடுகிற தமிழாசிரியர்களே, மையக்கருத்தைக் கண்டுபிடிக்கப் பழக்கிவிட்டால் பிள்ளை சோதினையில் பாஸ் பண்ணும், ஆதாரம் கேட்கப் பழக்கிவிட்டாலோ அன்றோடு அந்தப் பிள்ளையை மறிக்க வீட்டிலும் ஆளில்லை, பள்ளிக்கூடத்திலும் ஆளில்லை.